50,000 ரூபாய்க்குள் கம்ப்யூட்டர்: சோமனூர்த் தம்பிக்கு ஒரு பதில்

சோமனூரில் இருந்து எழுதிய தம்பிக்கு வணக்கம். நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்காக முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டு மாடியில் உட்கார்ந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் பிரிண்டிங் டிசைன் செய்து கொடுக்கிறீர்கள். கோரல்டிரா, போட்டோஷாப் இரண்டும்தான் வேலை. கீழே அப்பாவின் தறிக்குடோன் ஓடுகிறது. மானிட்டர், யுபிஎஸ் எல்லாம் சேர்த்து 50,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். கீபோர்டும் மவுசும் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு கடைக்காரர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்: ஐ7 பிராசஸர், எச்61 போர்டு (எல்லாப் பாகங்களும் பொருந்தும் மதர்போர்டு), 16 ஜிபி டிடிஆர்3 ராம், ஜிடி 730 கிராபிக்ஸ் கார்டு, 256 ஜிபி எஸ்எஸ்டி, 500 வாட் எஸ்எம்பிஎஸ் (கரண்டை மாற்றி உள்பாகங்களுக்குக் கொடுக்கும் பெட்டி), கண்ணாடி வைத்து வண்ண விளக்கு எரியும் கேபினெட். “ஐ7 வருகிறது, கிராபிக்ஸ் கார்டும் வருகிறது, இன்னும் என்ன வேண்டும்?” என்று கேட்கிறார் அவர். வாங்கலாமா என்று கேட்கிறீர்கள் நீங்கள்.

வாங்க வேண்டாம்.

கண்ணபுரம் சந்தையில் காங்கேயம் காளை பிடிக்கப் போகிறவர் பல்லைப் பார்க்காமல் கயிற்றைக் கையில் வாங்கமாட்டார். கொம்பும் திமிலும் எவ்வளவு எடுப்பாக இருந்தாலும் வயது தெரிவது பல்லில்தான். பிராசஸருக்குப் பல் அதன் எண். ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் கொம்பு. எச்61 போர்டில் உட்காரும் ஐ7 என்றால் அது இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறை. அநேகமாக உங்களுக்கு வரப்போவது ஐ7 3770. கடைசி மூன்று இலக்கத்தை விட்டுவிட்டு முன்னால் இருக்கும் 3-ஐப் பாருங்கள், அதுதான் தலைமுறை. 2012-இல் வெளிவந்தது. நான்கு கோர் (வேலை செய்யும் கைகள்), எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்). இப்போது ஐ3 12100-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: பன்னிரண்டாம் தலைமுறை, 2022-இல் வந்தது, அதற்கும் நான்கு கோர், எட்டு திரெட்தான். ஆனால் ஒவ்வொரு கோரும் பழையதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வேகம். கோரல்டிராவில் பெரும்பாலான வேலை ஒரே கோரின் முதுகில்தான் ஏறுகிறது என்பதால் இந்த வித்தியாசம் உங்கள் கைக்கே தெரியும்.

வேகத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாம் தலைமுறைக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறையில் இருந்துதான் அதை மைக்ரோசாப்ட் ஏற்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஜிடி 730-இன் கதையும் இதேதான். 2014-இல் வந்த கார்டு. அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்கு வழக்கமான புது டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தருவதை என்விடியா 2021-இலேயே நிறுத்திவிட்டது. பெட்டிக்குள் ஒரு கார்டு இருக்கிறது என்று காட்டுவதற்கு மட்டும் அது பயன்படும். கடைக்காரரை நான் திருடர் என்று சொல்லவில்லை. எச்61 போர்டை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், பழைய ஐ7 மலிவாகக் கிடைக்கிறது, “ஐ7” என்று கேட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். கேட்பதைக் கொடுக்கிறார்.

நான் கோவையில் இருபது வருடத்துக்கு மேலாகக் கம்ப்யூட்டர் பூட்டுகிறேன், பழுதும் பார்க்கிறேன். குறைந்த பணத்தில் வாங்கும்போது என் கணக்கு ஒன்றுதான்: எது கெட்டால் மற்றதையும் சேர்த்துக் கெடுக்குமோ அதற்கும், எதைப் பின்னால் மாற்றவே முடியாதோ அதற்கும் முதலில் பணத்தை ஒதுக்கிவிட வேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளக்கூடியது பிறகு வரட்டும். பெரும்பாலான கொட்டேஷன்கள் இதற்கு நேர் தலைகீழாக இருக்கும். பிராசஸரில் தொடங்கிக் கடைசியில் மிச்சம் இருக்கும் 700, 800 ரூபாயில் ஒரு எஸ்எம்பிஎஸ். ஆகவே நான் கடைசியில் இருந்து தொடங்குகிறேன்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் 500 வாட்டை நம்பாதீர்கள். கையில் வாங்கிப் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். பிளஸ் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். 14 ஆம்பியர் என்றால் 168 வாட். பெட்டியில் 500 என்று இருந்தாலும் பிராசஸருக்கும் கார்டுக்கும் கிடைக்கப்போவது அவ்வளவுதான், அதுவும் அட்டவணை உண்மை பேசினால். ஒழுங்கான 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த இடத்தில் 36 ஆம்பியர் போல இருக்கும்: 432 வாட். இன்றைய கம்ப்யூட்டரில் ஏறக்குறைய எல்லாச் சுமையும் இந்த 12 வோல்ட்டின் மேல்தான். அடுத்து, தூக்கிப் பாருங்கள். உள்ளே காயிலும், சூட்டை இழுக்கும் உலோகத் தகடான ஹீட்சிங்க்கும் இல்லாத எஸ்எம்பிஎஸ் காலி டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கும். 80 பிளஸ் முத்திரை நல்லதுதான். ஆனால் அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று, பாதுகாப்புக்கான சான்று அல்ல. ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு இருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஐந்து வருட வாரண்டி கொடுக்கிற மாடலாக எடுத்தால் தயாரித்தவருக்கே அதன் மேல் நம்பிக்கை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலில் கொஞ்சம் காலூன்றியிருந்த நேரம், நாமக்கல்லில் ஒரு முட்டை வியாபாரிக்குக் கம்ப்யூட்டர் செய்து கொடுத்தேன். அவர் 600 ரூபாய் குறைக்கச் சொன்னார்; நானும் எஸ்எம்பிஎஸ்ஸில் குறைத்துவிட்டேன். ஒரு கோடைச் சாயங்காலம் கரண்ட் போய் உடனே திரும்பி வந்தது. படார் என்று ஒரு சத்தம் கேட்டதாம். நான் போய்த் திறந்தபோது வெல்லம் தீய்ந்த மாதிரி வாடை. ஹார்ட் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தால் பச்சைப் பலகையில் ஒரு சில்லின் நடுவே கடுகளவுக்குக் கரிந்த ஓட்டை. மூன்று மாதக் கணக்கு அதற்குள் இருந்தது. லாரி டெலிவரி நோட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு அவரும் நானும் இரண்டு இரவு உட்கார்ந்து மறுபடி ஏற்றினோம். அந்த 600 ரூபாயை அவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதனாலேயே எனக்கு மறக்கவில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸோடு சேர்ந்தது எர்த். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இடத்தைத் தொட்டால் மெல்லச் சுறுசுறுவென்று ஷாக் அடிக்கிறது, கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதா என்று வாரம் ஒருவராவது கேட்பார்கள். கம்ப்யூட்டர் கெடவில்லை, அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இருக்கும் சிறு கெபாசிட்டர்கள் கசியும் மின்னோட்டத்தை எர்த்துக்கு அனுப்பும்படி அமைக்கப்பட்டவை. எர்த் இல்லாவிட்டால் அது கேபினெட்டிலேயே நின்றுவிடும். மீட்டர் வைத்தால் மின்சாரத்தின் பாதி வோல்டேஜ் வரை காட்டும். வயர்மேனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். மூன்று, நான்கு வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. இன்னொன்று, கீழே இருக்கும் தறி இணைப்பில் இருந்து மாடிக்கு லைன் இழுத்துவிடாதீர்கள். தறி மோட்டார்கள் கிளம்பும்போதெல்லாம் வோல்டேஜ் சரியும். தவிரவும் தறிக்கு வேறு கட்டண வகை, வீட்டுக்கு வேறு. மின்வாரியம் பிடித்தால் அபராதம்.

யுபிஎஸ்ஸை 50,000-க்குள் சேர்த்தது நல்ல புத்தி. 600 விஏ போதும். அது பொதுவாக 360 வாட் வரை தாங்கும். நீங்கள் வாங்கப்போகும் கம்ப்யூட்டர் மானிட்டரோடு சேர்ந்து 150 வாட்டைத் தாண்டுவதே அபூர்வம். உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி. புதிதில் கால் மணி நேரம் நிற்கும், ஒன்றரை வருடம் போனால் ஐந்து நிமிடம். ஃபைலைச் சேமித்து மூடுவதற்குத்தான் அந்த நேரம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று காலை ஒன்பது மணிக்கு மேல் யுபிஎஸ்ஸை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள்.

இப்போது பஞ்சு. உங்கள் ஊருக்கே உரிய சங்கதி என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. போன மாதம் பல்லடம் பக்கத்தில் இருந்து ஒரு கம்ப்யூட்டர் வந்தது. போட்ட பத்தாவது நிமிடம் அணைந்துவிடுகிறது என்றார்கள். பிராசஸர் ஃபேனைக் கழற்றினேன். ஹீட்சிங்க்கின் அலுமினியத் தகடுகள் கண்ணிலேயே படவில்லை. ஃபேனின் வட்டத்துக்கு அச்செடுத்த மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு வில்லை. நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் கம்பளித் துண்டுபோல முழுதாக உரிந்து வந்தது. பஞ்சுத் துகள் சாதாரணத் தூசிபோல உதிராது, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதற்குள் ஈரமும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் நெய்யாமலே துணி. பிராசஸர் நூறு டிகிரியைத் தொட்டுத் தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருந்தது. வேறு ஒரு பழுதும் இல்லை.

அதனால் அந்தக் கண்ணாடி கேபினெட் உங்களுக்கு ஆகாது. முன்பக்கம் கண்ணாடியால் மூடியிருந்தால் காற்று பக்கத்துச் சந்துகளின் வழியாக உறிஞ்சப்படும். பஞ்சும் அந்தச் சந்திலேயே அடைத்துக்கொள்ளும். விளக்குகளைப் பற்றி நான் பேசவில்லை. மாப்பிள்ளை ஊர்வலத்துக் கார் அப்படி இருக்கலாம், வேலை செய்கிற பெட்டிக்கு எதற்கு? முன்பக்கம் முழுக்கச் சல்லடைபோல இருந்து, அதன் பின்னால் கழற்றி உதறக்கூடிய ஃபில்டர் உள்ள கேபினெட்டாக வாங்குங்கள். முன்னால் இரண்டு ஃபேன் காற்றை உள்ளே தள்ளட்டும், பின்னால் ஒன்று வெளியேற்றட்டும். உள்ளே வருவது வெளியேறுவதைவிட அதிகமாக இருந்தால் ஃபில்டர் இல்லாத ஓட்டைகளின் வழியே பஞ்சு நுழையாது. தரையில் வைக்காதீர்கள், ஒரு ஸ்டூல் மேல் வையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஃபில்டர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெயின்ட் பிரஷ்ஷால் உள்பக்கம். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிட்டால் பேரிங் போய்விடும். பஞ்சர் கடை கம்ப்ரசரைக் கொண்டு ஊத வேண்டாம். டேங்கில் தேங்கிய தண்ணீரும் கூடவே வரும்.

பிராசஸருக்குத் திரும்புகிறேன். ஐ3 12100, அதற்கு டிடிஆர்4 ராம் ஏற்கும் எச்610 போர்டு. இதுதான் என் தேர்வு. வாங்கும்போது எண்ணின் முடிவில் எஃப் என்ற எழுத்து இல்லாமல் பாருங்கள். 12100எஃப் சில நூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கும், ஆனால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாமல் மானிட்டரில் படமே வராது. ஆன்லைனில் அதை வாங்கி, போர்டு செத்துவிட்டது என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. ஏஎம்டி பக்கம் ரைசன் 5 5600ஜி-யும் நல்ல பிராசஸர். ஆறு கோர், உள்ளே இருக்கும் கிராபிக்ஸும் இன்டெல்லுடையதைவிட வலுவானது. விளையாட்டும் வேண்டும் என்று கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். இரண்டுமே பழைய சாக்கெட்டின் (பிராசஸர் உட்காரும் இடம்) கடைசி வண்டிகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிடிஆர்5 மட்டுமே ஏற்கும், ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் 2022-இல் வந்துவிட்டது, அதற்கு இன்னும் சில வருடம் புதுப் பிராசஸர்கள் வரும். ஆனால் அதற்கான போர்டும் ராமும் சேர்ந்தால் உங்கள் பணத்தில் மானிட்டருக்கு மிச்சம் இராது.

ராம் எவ்வளவு வேண்டும் என்பதை உங்கள் வேலையை வைத்தே கணக்குப் போடலாம். மார்புப் பிரிண்ட் ஒன்று 16 அங்குலத்துக்கு 20 அங்குலம், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்று வையுங்கள். 4,800 பெருக்கல் 6,000, அதாவது 2 கோடியே 88 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு மூன்று பைட். ஒரு லேயருக்கே 86 எம்பி. இருபது லேயர் போனால் 1.7 ஜிபி. இதற்கு மேல் போட்டோஷாப் நீங்கள் கடைசியாகச் செய்த மாற்றங்களை நினைவில் வைக்கும், பக்கத்தில் கோரல்டிரா, பிரவுசரில் வாட்ஸ்அப். 8 ஜிபி மூச்சுத் திணறும், 16 ஜிபி வேண்டும். கிராபிக்ஸ் வேகத்துக்கு இரண்டு 8 ஜிபி குச்சி போடுவதே நல்லது என்பார்கள், உண்மைதான். ஆனால் எச்610 போர்டில் ராமுக்கு இரண்டே இடம். உங்கள் வேலைக்கு ஒரே 16 ஜிபி குச்சியாக வாங்கி ஒரு இடத்தைக் காலியாக விடுங்கள். ஆர்டர் பெருகினால் இன்னொன்று செருகலாம். (5600ஜி வாங்கினால் இந்த யோசனையைக் கேட்காதீர்கள்; அதற்கு இரண்டு குச்சிதான்.)

2025 கடைசியில் இருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது. ஏஐ சர்வர்களுக்கே மெமரி சில்லுகள் போய்ச் சேர்கின்றன. குருசியல் என்ற பெயரில் நம் கடைகளில் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம் சில்லறை வியாபாரத்தை விட்டே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே ராமை மட்டும் பழையதாக வாங்கலாம். பிராசஸரும் ராமும் சுலபத்தில் கெடுவதில்லை; மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை மென்பொருளைப் போட்டு ஓர் இரவு ஓடவிட்டுப் பிழை காட்டாமல் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ், ஹார்ட் டிஸ்க் இரண்டையும் இலவசமாகக் கொடுத்தால்கூடப் பழையது வேண்டாம்.

எஸ்எஸ்டி 500 ஜிபி என்விஎம்இ (போர்டிலேயே நேராகச் செருகும் வேகமான வகை). சாதாரண ஜென்3 (மூன்றாம் தலைமுறை) போதும், அதிலேயே பல மாடல்கள் விநாடிக்கு 3,000 எம்பிக்கு மேல் படிக்கும். கிராபிக்ஸ் கார்டு இப்போது வேண்டாம்.

மானிட்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள். நீங்கள் விற்பது நிறம். ஐபிஎஸ் பேனல் (எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை), 22 அல்லது 24 அங்குலம், 99 சதவீதம் எஸ்ஆர்ஜிபி (திரை நிறங்களுக்கான பொது அளவுகோல்) என்று குறிப்பிட்டது. மலிவான டிஎன் பேனலில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் ஒரு மெரூன், சாய்ந்தால் வேறு மெரூன். அப்படியும் பையர் கொடுத்த பான்டோன் எண்ணை (நிறத்தின் அடையாள எண்) திரையை வைத்து முடிவு செய்யாமல் ஷேடு கார்டை வைத்தே பாருங்கள். அது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் பிரித்தால் இப்படி வரும்: பிராசஸரும் போர்டும் 18,000, ராமும் எஸ்எஸ்டியும் 13,000, எஸ்எம்பிஎஸ் 3,500, கேபினெட் 2,500, மானிட்டர் 8,500, யுபிஎஸ் 3,500. கூட்டினால் 49,000. மீதி ஆயிரம் எர்த்தைச் சரிசெய்யும் வயர்மேனுக்கு. ராம் அன்றைய விலையில் எல்லையைத் தாண்டினால் கேபினெட்டில் பிடியுங்கள், எஸ்எம்பிஎஸ்ஸில் பிடிக்காதீர்கள். விண்டோஸ் லைசென்ஸ் இதில் சேரவில்லை. கடையில் “போட்டுத் தரும்” விண்டோஸுக்கு பில் இருக்காது என்பது உங்களுக்கும் தெரியும்.

பில் என்றதும் நினைவு வருகிறது. அப்பா பெயரிலோ உங்கள் பெயரிலோ ஜிஎஸ்டி எண் இருந்து, டிசைன் வேலைக்கும் அதிலேயே பில் போடுகிறீர்கள் என்றால், இந்தப் பொருள்களை அந்த எண்ணில் வாங்குங்கள். 18 சதவீதம் வரி. பொருள்களுக்கான 49,000-இல் 7,400 ரூபாய்க்கு மேல் உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கணக்கில் வரும். சென்னை ரிச்சி தெருவில் ஆயிரம், இரண்டாயிரம் குறைகிறது என்று பில் இல்லாமல் பார்சலில் வரவழைக்கிறவர்கள் இதையும், வாரண்டிக்குத் திருப்பி அனுப்பும் செலவையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்கட்டும். பிராசஸர் சீல் பிரிக்காத டப்பாவில் வர வேண்டும். டப்பாவில் வருவதற்குத்தான் இன்டெல்லின் மூன்று வருட வாரண்டி.

கொட்டேஷன் கொடுத்தவர் உங்கள் அப்பாவுக்குப் பழக்கமானவர் என்றும், 2,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டதாகவும் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதற்காகச் சண்டை வேண்டாம். மேலே சொன்ன பட்டியலை அவரிடமே கொடுத்து விலை கேளுங்கள். எச்610 அவரிடம் இல்லை என்றால் மானிட்டரையும் யுபிஎஸ்ஸையும் அவரிடம் எடுத்துக்கொண்டு முன்பணத்தை அதில் கழித்துவிடுங்கள். யுபிஎஸ் பேட்டரி எப்படியும் இரண்டு வருடத்தில் மாற்ற வேண்டியது. அதற்குக் காந்திபுரம் வரை வராமல் பக்கத்திலேயே ஆள் இருப்பது நல்லதுதான்.